ஆரணியின் நெஞ்சில் ஒரு விசில்

என் மகளுக்கு என்ன நடந்தது என்று கேட்காதவர்கள் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இனி யாரும் மிச்சமில்லை. மரக்கறிக் கடையில் சொன்னேன், லிஃப்டில் சொன்னேன், கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் நீளுகிறது, நான் உப்புப் புளி போட்டுச் சொல்கிறேன் என்று என் மனைவி துஷி குறைப்படுகிறாள். ஆகவே ஒரே முறையாக எழுதி வைக்கிறேன். இரைகிற மூச்சோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு டொக்டர் டொக்டராக அலைகிற யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கும் உதவக்கூடும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அன்ரன், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. துஷி யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை. எங்கள் கல்யாணத்தால் இரண்டு வீட்டிலும் சண்டை வரவில்லை, போட்டிதான் வந்தது. மற்றவர் வழக்கத்தை யார் கூடுதலாக மதிப்பது என்ற போட்டி. நத்தார் வாழ்த்து முதலில் டொரொன்டோவில் இருக்கும் என் மாமனாரிடமிருந்துதான் வரும். தைப்பொங்கலன்று விடிய முன்னரே என் அக்கா ஸ்டெலா சருவப் பானையும் கரும்புமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து கதவைத் தட்டுவாள். அக்கா ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கிறாள். கல்யாணம் செய்யவில்லை. எதைச் செய்தாலும் புள்ளி போட ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பிலேயே செய்வாள்.

எங்கள் மகள் ஆரணிக்கு முதற்பல் எட்டிப் பார்த்தபோது, பல்லுக்கொழுக்கட்டை கொட்டியே ஆக வேண்டும் என்று துஷி நின்றாள். எனக்கு அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேல் இன்னொரு துணியைப் பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை அதன்மேல் மெல்லக் கொட்டுவார்கள். பல் நோகாமல் வரிசையாக முளைக்குமாம். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைச் சீவிப் பல்லுப் போலப் பதித்திருக்கும். பிள்ளைக்கு முன்னால் புத்தகம், பேனை, காப்பு, கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்து, எதை எடுக்கிறது என்று பார்த்து அதன் எதிர்காலத்தைச் சொல்வார்கள். கொட்ட வேண்டியவள் அப்பாவின் சகோதரி, அதாவது பிள்ளையின் மாமி.

ஸ்டெலா அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டொரொன்டோவுக்கு அழைத்து என் மாமியாரிடம் பக்குவம் கேட்டாள். மூன்று நான்கு தரம் செய்து பார்த்து, பிழைத்ததையெல்லாம் எனக்குத் தின்னத் தந்தாள். அப்படிச் செய்து பார்த்ததில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தேங்காய்ப் பல்லைப் பதித்து அவித்தால் சர்க்கரைப் பாகு ஊறி அது மஞ்சளாகிவிடுகிறது.

"படத்தில மஞ்சப் பல்லாத் தெரியும் தம்பி. அவங்க வீட்டு ஆக்கள் பாக்கிறது," என்றாள்.

ஆகவே கொழுக்கட்டையை முதலில் அவித்து, ஆறியபிறகு பச்சைத் தேங்காயில் சீவிய வெள்ளைப் பற்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். அப்படி வடிவான பற்களைப் பல் டொக்டரின் விளம்பரப் பலகையில்கூட நான் கண்டதில்லை.

அந்தக் கொண்டாட்டமே ஒருவகையில் டொரொன்டோவுக்காகத்தான். துஷியின் அம்மா, அப்பா, தங்கை கஜனி எல்லோரும் அங்கே. கஜனிக்கு அப்போதுதான் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் அலுமாரித் தட்டில் போனை நிறுத்தி வைத்தோம். அவர்கள் விடியவே எழும்பிச் சேலையும் வேட்டியும் கட்டித் திரைக்குள் வரிசையாக இருந்தார்கள். அக்கா கொட்டினாள். அங்கே கை தட்டினார்கள், இங்கே நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்துக் கை காட்டினோம். சரியாகக் கொட்டினேனா என்று அக்கா போனிடம் கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்ததில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆரணி வீரிட்டு அழுதாள். சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று துஷி தூக்கிக்கொண்டாள். புத்தகத்தையும் எடுக்கவில்லை, காப்பையும் எடுக்கவில்லை, இந்தப் பிள்ளைக்கு எதிலும் பற்றில்லை என்று நான் பகிடி விட்டேன்.

இரண்டு மூன்று நாளில் சத்தம் தொடங்கியது. கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது ஒரு மெல்லிய விசில் வருமே, அது மாதிரி. காது கொடுத்தால்தான் கேட்கும். பிறகு காது கொடுக்காமலும் கேட்டது.

குழந்தையின் மூச்சுச் சத்தத்துக்குக் கொழும்பில் எத்தனை நிபுணர்கள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். சளி என்றார் கீழ்வீட்டுக்காரர். மேல்வீட்டு அம்மா, தன் மகளுக்கும் அப்படித்தான் இருந்தது, குரல்வளை இறுகாத பிள்ளைகளுக்கு வருவது, வளர வளரப் போய்விடும் என்றார். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, ஜன்னலைப் பூட்டு என்று கந்தோரில் சொன்னார்கள். ஸ்டெலா அக்கா அந்தோனியார் எண்ணெய் கொண்டு வந்து நெஞ்சில் பூசினாள். துஷி பிள்ளையாருக்கு நேர்ந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காட்டினோம். அந்த டொக்டர் வீசிங் என்றார். மூச்சுக் குழாய்கள் சுருங்குவதால் வருகிற இழுப்பு. மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுத்தார்கள். இரண்டு நாள் குறைந்தது, பிறகு வந்தது. இன்னொரு டொக்டர், இன்னொரு புகை. ஒவ்வொரு பில்லையும் நான் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு துஷியிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்பேன். அவளும் நம்பியதாகக் காட்டிக்கொள்வாள். அந்த டொக்டர்களில் குறை சொல்ல என்னால் முடியாது. நாங்கள் சொன்னதை வைத்துத்தானே அவர்கள் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுபட்டது. இப்படி இழுபடுவதைக் கண்டால் நம்பர் எடுத்துக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிறகு எனக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல வேளையாக அன்று துஷி யாரையும் கேட்கவில்லை. ஓட்டோவைப் பிடித்து அரசாங்கப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கிவிட்டுத்தான் எனக்கு அழைத்தாள்.

அங்கே வார்ட்டில் தாய்மார்தான் தங்கலாம். தகப்பன்மார் பார்வை நேரத்தில் உள்ளே போய், மணி அடித்ததும் வெளியே வர வேண்டும். தாதிமார் என்னைத் "தாத்தே" என்று கூப்பிட்டார்கள். சிங்களத்தில் அது அப்பா என்று எனக்குத் தெரிந்திருந்தும், முதல்முறை கேட்டபோது அந்தக் கவலையில் எனக்கு உண்மையிலேயே அவ்வளவு வயதாகிவிட்டதாகத் தோன்றியது. மற்ற நேரமெல்லாம் மதில் ஓரத்து வாங்குப் பலகையில் மற்றத் தகப்பன்மாரோடு இருப்பேன். களனியிலிருந்து வந்த ஒருவர், மகனுக்கு இதயத்தில் ஓட்டை, தன் பாண் பருப்பில் பாதியை எனக்குத் தருவார். நான் அக்கா கட்டித் தந்த சோற்றில் பாதியை அவருக்குக் கொடுப்பேன். பிள்ளைகளைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை, கிரிக்கெட்டைப் பற்றித்தான் கதைத்தோம்.

பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழும் கொஞ்சம் வரும். வந்தவுடன் அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. ஆரணியின் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எங்களுக்கு மூன்று சத்தங்களை வாயாலே செய்து காட்டினார். குறட்டை போலக் கரகரப்பது மூக்கிலிருந்தும் அதன் பின்பக்கத்துச் சதையிலிருந்தும் வருவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சேவல் கூவப் பார்ப்பது போல வந்தால் அது தொண்டை, குரல்வளைப் பக்கம். அதை ஸ்ட்ரைடர் என்பார்கள். வெளியே விடும்போது விசில் வந்தால் நெஞ்சுக்குள்ளே, சின்னக் குழாய்களில். அதுதான் வீஸ். எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்று கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும் என்றார். இத்தனை பெரிய டொக்டர் சேவலாகக் கூவியதில் ஆரணி காய்ச்சலிலும் சிரித்தாள்.

பிறகு முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இடமும் வலமும் மாறி மாறிக் கேட்டார். கேட்டுவிட்டு அதை என் காதில் மாட்டிவிட்டார். இடப்பக்கம் காற்று தாராளமாகப் போய் வந்தது. வலப்பக்கம் தூரத்தில் ஒரு விசில், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இழுப்பு என்றால் இரண்டு பக்கமும் பாட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பாடினால் நான் வேறு ஒன்றைத் தேடுவேன் என்றார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் இடதைவிடக் கொஞ்சம் ஊதியிருந்தது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழி குறைவு. ஏதாவது அடைத்திருக்கலாம். அப்படியானால் படத்தில் தெரியாதா என்று கேட்டேன். காசு தெரியும், கடலை தெரியாது என்றார்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்தச் சத்தம் வருவதற்கு முன் ஒரு நாள் திடீரென்று இருமினாளா, புரைக்கேறியதா, எதையாவது வாயில் போட்டாளா?

இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். துஷிக்குக் கோபமும் வந்தது. அவள் வீட்டில் நிலத்தில் ஒரு பொத்தான் கிடக்காது. கடலை வாங்குவதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். அவள் அதையெல்லாம் விளக்கிச் சொன்னாள். டொக்டர் தலையாட்டிவிட்டு, அவசரமில்லை, யோசித்துப் பாருங்கள் என்றார். நினைவு வராவிட்டாலும் மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டி வரும், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் நல்லது என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே, செற்றிக்குக் கீழே எல்லாம் தேடினேன். ஒரு பொத்தானும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் பார்வை நேரத்துக்கு ஸ்டெலா அக்காவும் என்னோடு வந்தாள். துஷி எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. முகம் வேறு மாதிரி இருந்தது. கஜனியோடு கதைத்தாளாம். டொக்டர் கேட்ட கேள்வியைச் சும்மா சொல்லியிருக்கிறாள். கஜனி, "அண்டைக்கு இருமினாளே, அதைச் சொல்லேல்லையோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"கொழுக்கட்டை கொட்டேக்க ஆரணி கீழ கிடந்த எதையோ எடுத்து வாயில வைச்சவளாம். பிறகு இருமி முகம் சிவந்து போனவளாம். அக்கா, பிள்ளையைப் பார் எண்டு அவள் என்னைக் கூப்பிட்டுக் கத்தினவளாம். எங்களுக்குக் கேக்கேல்லை. நாங்கள் எல்லாரும் போனுக்குக் கை காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறம்," என்றாள் துஷி.

பிள்ளை அன்று எதையும் எடுக்கவில்லை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அறை நிறைய ஆட்கள் இருந்தும், அவள் எடுத்ததைக் கண்ட ஒரே ஒருத்தி கடல் கடந்து இருந்தாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். எது அது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அவித்த பிறகு ஒட்டிய பல் எப்படி நிற்கும்? கொட்டும்போதே உதிர்ந்திருக்கும். அக்கா ஆரணியின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு மணி அடிக்க முன்னரே வெளியே போய்விட்டாள். துஷியும் அவளைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாகிப்போனது. பிள்ளையின் மூச்சுக்குப் பயந்ததுபோல, இந்த இரண்டு பேரின் நடுவில் இருந்ததும் போய்விடுமோ என்று பயந்தேன். நான் டொக்டரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளே செய்வோம் என்றார்.

அதன் பெயர் புரொங்கோஸ்கொப்பி. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை மூச்சுக் குழாய்க்குள் விட்டு, வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பார்கள். அடைத்திருப்பதைக் கண்டால் அதே குழாய் வழியாக நீளமான குறடு விட்டுப் பிடித்து இழுப்பார்கள். தேங்காய் ஊறி மெத்தென்று ஆகியிருக்கலாம், துண்டு துண்டாக உடைந்தால் இன்னும் உள்ளே போகலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டபோது என் பெயர் எனக்கே மறந்ததுபோல இருந்தது.

காலையில் ஆரணியைத் தள்ளுவண்டியில் கிடத்தும் நேரத்தில் ஸ்டெலா அக்கா வாசலில் நின்றாள். காவற்காரரிடம் என்ன சொல்லி உள்ளே வந்தாளோ தெரியாது. கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. நேரே டொக்டரிடம் போய்த் திறந்து நீட்டினாள். உள்ளே தேங்காய்ப் பற்கள், நாலைந்து. அன்று சீவிய அதே அளவில், அதே கத்தியால் சீவி, ஊறியிருக்கும் என்று நினைத்துத் தண்ணீரிலும் போட்டு வைத்திருந்தாள்.

"இந்த அளவுதான் டொக்டர். இதுக்கு மேல பெருசா நான் சீவல்ல," என்றாள். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

டொக்டர் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இதைவிட உதவி இல்லை, எந்தக் குறடு இதை உடைக்காமல் பிடிக்கும் என்று உள்ளே போக முன் வெளியிலேயே பிடித்துப் பார்க்கலாம் என்றார். டப்பாவையும் கொண்டு போய்விட்டார். கதவு மூடியது.

கதவுக்கு வெளியே ஒரு நீளமான வாங்கு. துஷி ஒரு நுனியில் இருந்தாள், அக்கா மற்ற நுனியில். நடுவில் நான். அக்காவின் கையில் செபமாலை, துஷியின் கையில் திருநீறு மடித்த கடதாசிச் சரை. இரண்டு பேருக்கும் வாய் அசைந்தது. நான் எந்தப் பக்கத்துக் கடவுளையும் விடாமல் கூப்பிட்டேன். அப்படி இருந்து கொண்டிருக்கையில் துஷி எழும்பி வந்து, என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, அதைச் செய்யச் சொல்லி நிண்டது நான். படத்தில வடிவாத் தெரியவேணும் எண்டு நினைச்சதும் நான்தான்."

அக்கா தலையை ஆட்டினாள். துஷி தன் விரலில் இருந்த திருநீற்றை அக்காவின் நெற்றியில் பூசினாள். கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடப் பாடசாலை ஆசிரியை அதைத் துடைக்காமல் இருந்து அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

டொக்டர் வெளியே வந்தபோது முகமூடியைக் கீழே இறக்கியிருந்தார். அதைப் பார்த்தே விஷயம் விளங்கியது. கையில் ஒரு சின்னப் போத்தல். உள்ளே மண்ணிறமாக ஊறிப்போன ஒரு துண்டு. ஆனாலும் பல் பல்லாகவே இருந்தது. அக்காவின் வேலை அப்படி. முழுதாக வந்துவிட்டதாம்.

"பேபிக்கு இப்ப எத்தனை பல்?" என்று டொக்டர் கேட்டார்.

மூன்று என்றாள் துஷி.

"இதோட நாலு," என்றார்.

பின்னேரம் ஆரணி மயக்கம் தெளிந்து, பால் குடித்து, தூங்கினாள். அந்த அமைதியைத் தாங்க எங்களுக்குப் பழக்கமில்லை. இத்தனை கிழமையாக விசில் கேட்டால் பயந்தோம், இப்போது கேட்காததற்குப் பயந்தோம். துஷி மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். அக்கா குனிந்து பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள், முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். வலப்பக்கம் நீண்ட நேரம் வைத்திருந்தாள். தாதி வந்து, அம்மா, டொக்டரே இவ்வளவு நேரம் கேட்கமாட்டார் என்று சிரித்தாள்.

காய்ச்சலுக்கான மருந்து முடிந்து வீட்டுக்கு வந்தோம். களனிக்காரரின் மகனுக்கும் நல்லபடி முடிந்தது. இப்போதும் கிரிக்கெட் நடக்கும் நாளில் எனக்கு அழைப்பார்.

ஆரணி இப்போது நடக்கிறாள். வாய் நிறையப் பல், எல்லாம் வரிசைதான், வடிவுதான். அக்கா மட்டும் எந்தக் கொண்டாட்டத்துக்கும் பலகாரம் செய்வதை விட்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தாள், பானையைத் தொடவில்லை. நான் பகிடி பண்ணிப் பார்த்தேன், துஷி கெஞ்சிப் பார்த்தாள், மசியவில்லை.

இதற்கிடையில் டொரொன்டோவில் கஜனியின் மகனுக்குப் பல் முளைத்தது. அவர்களும் கொழுக்கட்டை கொட்டினார்கள். பல்லை மாவுக்குள் நன்றாக அழுத்திப் பதித்து, அவித்துத்தான் செய்தார்களாம். இந்த முறை நாங்கள் வெள்ளவத்தையில் செற்றியில் வரிசையாக இருந்து திரையைப் பார்த்தோம். அக்காவையும் வலுக்கட்டாயமாக வரச் சொல்லியிருந்தாள் துஷி. அவள் தன் முகம் படத்தில் தெரியாமல் செற்றிக்குப் பின்னால் நின்றாள்.

அங்கே வெள்ளைத் துணி விரித்திருந்தது. அந்தப் பிள்ளையின் மாமி கொட்டினாள். எல்லோரும் கை தட்டிக்கொண்டு போனுக்குத் திரும்பினார்கள். என் மாமனார் கை காட்டினார், மாமியார் கை காட்டினார், கஜனியும் காட்டினாள். நாங்களும் கையைத் தூக்கியிருப்போம். அதற்குள் ஸ்டெலா அக்கா செற்றிக்கு மேலாக எங்கள் தலைகளுக்கு நடுவே பாய்ந்து போனைப் பிடித்தாள்.

"எங்களப் பாக்காதீங்க. பிள்ளையப் பாருங்க," என்றாள்.

அவளுடைய வகுப்பறைக் குரல் அது. டொரொன்டோவில் கேட்டது. கை காட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை இறக்கிவிட்டுப் பிள்ளையிடம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய முதுகுகள்தான்.